பதின்மூன்றாவது அங்கி

பாறசாலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கிவிட்டது, தார் மட்டும் இன்னும் சுட்டது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து, வியர்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. காலில் செருப்பு இல்லை. அடிமைக்குச் செருப்பு கிடையாது என்று மத்தியானமே கழற்றி வாங்கிவிட்டார்கள். திரும்பக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

எதிரே புதுத்துணி உடுத்த குடும்பங்கள் ஊர்வலம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. பைக் ஒன்றில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"எலே, தூக்குல கெடந்தவன் நடந்து போறாம்லே!"

"செத்தவன் நடக்கப்பிடாதுன்னு சட்டம் உண்டா?" என்று கேட்டேன். பைக் போய்விட்டது. நல்ல பதில் எனக்கு எப்போதும் வண்டி போன பிறகுதான் கிடைக்கும். அன்று உடனே கிடைத்தும் கேட்க ஆள் இல்லை.

வேலை போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் ஒரு வாசகர், "ஒரு வேலையிலும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க மாட்டீரா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மற்ற வேலைகள் போனதற்கெல்லாம் நான்தான் காரணம், மறுக்கவில்லை. இந்த வேலை போனதற்குக் காரணம் அமெரிக்கா.

கூம்புக்குள் மகாலட்சுமி

அப்போது நான் குன்னத்துகாலில் டெய்லர் மணியனிடம் இருந்தேன். மணியண்ணன் நடத்தியது வேஷத்துணி வாடகைக் கடை. பள்ளிக்கூட விழாவுக்கு மயில், கோயில் திருவிழாவுக்குப் பூதகணம், கிறிஸ்துமஸுக்கு மூன்று ராஜாக்கள். ஒரே சிவப்புத் துணி பெரிய வெள்ளிக்கிழமை ரோமாபுரிப் படைவீரனாகப் போகும், அடுத்த வாரம் அரக்கர் சேனையாகத் திரும்பி வரும். துணிக்கு மதம் கிடையாது. வியர்வை நாற்றம் மட்டும் உண்டு. அதைப் போக்குவது என் வேலை. இஸ்திரி போடுவேன், பித்தான் தைப்பேன், வேஷம் கட்டும் இடத்துக்குப் போய் ஊசி குத்திக் கொடுப்பேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது கௌரவமான உத்தியோகம்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிளப் செக்ரட்டரி சுரேந்திரன் கடைக்கு வந்தார். கட்டட கான்ட்ராக்டர். நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் போய்ப் படுப்பவர் அவர்தான்.

ஓண வாரம் முடியும்போது பாறசாலையில் ஊர்வலம் நடக்கும். ஒவ்வொரு கிளப்பும் ஒரு லாரியில் ஒரு காட்சியை ஜோடித்துக் கொண்டுவரும். அதில் வேஷம் கட்டியவர்கள் பொம்மைபோல் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் மார்க் குறைப்பார்கள். புராணக் காட்சிகளுக்கு இப்போது மவுசு இல்லை. உலக அநியாயங்களுக்குத்தான் பரிசு. உள்ளூர் அநியாயத்தை ஏற்றினால் லாரி கொடுக்கிற யாராவது கோபித்துக்கொள்வார்கள்.

"இந்த வருசம் அமெரிக்கா" என்று சொல்லி செக்ரட்டரி போனை நீட்டினார். படத்தில் வெள்ளை அங்கி, தலையில் கூம்பு, முகம் முழுக்கத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பின்னால் ஒரு சிலுவை எரிந்துகொண்டிருந்தது.

மணியண்ணன் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இது பெரிய வெள்ளிக்கு உள்ளதா?"

"அல்ல அண்ணா. கறுத்தவங்களக் கொல்லுத கூட்டமாக்கும். வெள்ளைக்காரன்தான் ஒசந்தவன்னு சொல்லி அலைஞ்சவனுவ. பன்னெண்டு உடுப்பு வேணும்."

"கூம்பு நிக்கணுமே. உள்ள அட்டை வைக்காண்டாமா?"

அட்டைக்குப் பழைய காலண்டர்களை வெட்டினோம். நகைக்கடைக் காலண்டர், ரப்பர்பால் கடைக் காலண்டர், கூட்டுறவு வங்கிக் காலண்டர். வெளியே பார்த்தால் அமெரிக்கப் பயங்கரம். உள்ளே கையை விட்டால் மகாலட்சுமி, மாதா, குருவாயூரப்பன்.

அதுவும் ஒரு கிளப்

லாரியில் ஒலிபெருக்கி வைத்து விளக்கவுரை போட வேண்டும். அதை எழுதியவர் பிரபாகரன் சார். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கி சரியாக வர வேண்டும் என்பதற்காக நாலு பக்கத்தையும் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மலையாளத்தை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மணியண்ணன் மெஷின் மிதிக்க, நான் உரக்கப் படித்தேன். அமெரிக்க சரித்திரம் நான் படித்தது அவ்வளவுதான். ஆனால் நன்றாகவே படித்தேன்.

அடிமைகளை விடமாட்டோம் என்று சண்டை போட்டுத் தோற்றுத் திரும்பிய சில இளைஞர்கள், ஒரு சின்ன ஊரில், பொழுது போகாமல் ஆரம்பித்தார்களாம். வேஷம் கட்டி, ஒருவருக்கொருவர் வேடிக்கையான பட்டம் சூட்டி, குதிரையில் ஊரைச் சுற்றுவது. அதுவும் ஒரு கிளப்தான். மணியண்ணன் மிதிப்பதை நிறுத்தி, "செக்ரட்டரி உண்டா அதுல?" என்று கேட்டார்.

விடுதலையான கறுப்பு மக்கள் அந்த வேஷத்தைப் பார்த்து விலகிப் போவதைக் கண்டதும் விளையாட்டு வேறு தினுசாக மாறியது. ஓட்டுப் போடப் போனவனை அடித்தார்கள். சொந்தமாக நிலம் வாங்கியவனைச் சாட்டையால் உரித்தார்கள். பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். படிப்பிக்க வந்தவர்களை விரட்டினார்கள். மரத்தில் தொங்கவிட்டார்கள்.

தாங்கள் போரில் செத்தவர்களின் பேய் என்று சொல்லிக்கொள்வார்களாம். ஒருவன் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பான். ஒரு வாளித் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடிப்பான். செத்த பிறகு இப்போதுதான் தாகம் தீர்ந்தது என்பான். அங்கிக்குள்ளே தோல் பை, அதற்கு ஒரு குழாய். ஆனால் பேய் என்று யாரும் நம்பவில்லையாம். குரலைக் கேட்டால் எந்தப் பண்ணைக்காரன் என்று தெரியும். குதிரையைப் பார்த்தால் சந்தேகமும் போய்விடும். பயம் அதனால்தான். பேயாக இருந்தால் விடிந்ததும் போய்விடுமே. இவன் விடிந்ததும் கூலி கொடுக்கிறவன்.

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு அடக்கியது. ஒரு தலைமுறை தாண்டியதும், அவர்களை வீரர்களாகக் காட்டிய ஒரு சினிமா வந்தது. அதைப் பார்த்துப் புதிதாக ஆரம்பித்தார்கள். எரியும் சிலுவையே அதற்குப் பிறகுதான். முதலில் கோணிச்சாக்கிலும் மனைவியின் பாவாடையிலும் கண்டபடி தைத்துக்கொண்டவர்கள், இரண்டாவது தடவை எல்லாருக்கும் ஒரே அளவில் தொழிற்சாலையில் தைத்து விற்றார்கள். கடைக்காரன், போலீஸ்காரன், பாதிரியார் எல்லாரும் வாங்கினார்கள். தொங்கவிட்ட ஆளுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சடித்து மாமனுக்கும் மச்சானுக்கும் அனுப்பினார்களாம். இலட்சக்கணக்கான கறுப்பு மக்கள் பிறந்த ஊரை விட்டு வடக்கே ரயிலேறினார்கள். தங்கியவர்கள் நடைபாதையிலிருந்து இறங்கி வழிவிடவும், கண்ணைப் பார்க்காமல் பேசவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உரிமை கேட்ட காலத்தில் தேவாலயத்தில் குண்டு வைத்துப் பிள்ளைகளைக் கொன்றார்கள். இப்போது அங்கி இல்லை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு போனில் கூடுகிறார்கள் என்று சார் முடித்திருந்தார்.

"எவன் தைச்சானோ" என்றார் மணியண்ணன். "நல்ல ஆர்டரு."

முகம் மூடாத ஊர்

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "எதுக்கு அண்ணே முகத்த மூடினாவ?"

மணியண்ணன் வாயில் குண்டூசியைக் கடித்தபடி சொன்னார். "நம்ம பக்கம் அந்தச் செலவு இருந்ததில்ல. அடிக்க வாறவன் வேட்டிய மடக்கிக் கெட்டிட்டு நேரா வருவான். மூடிட்டு வந்தா யாரு அடிச்சான்னு தெரியாதுல்லா. தெரியாட்டா பின்ன எதுக்கு அடிக்கது?"

எங்கள் பக்கத்துச் சரித்திரம் எனக்குச் சாரைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் மாருக்கு மேலே துணி போட்டதற்காகப் பெண்களின் உடுப்பைச் சந்தையில் வைத்துக் கிழித்தது எல்லாருக்கும் தெரியும். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில், வரக்கூடாத சாதியில் ஒரு பிள்ளை வந்து பெஞ்சில் உட்கார்ந்தது என்று பள்ளிக்கூடத்தையே எரித்ததும் தெரியும். சாருடைய நாலு பக்கத்தில் எரிந்த பள்ளிக்கூடங்கள் முழுக்க அமெரிக்காவில் இருந்தன. அங்கி வாங்க அவர் வந்தபோது இதைக் கேட்டேன்.

"அது வேற சப்ஜெக்டாக்கும்" என்றார் சார். அன்பாகத்தான் சொன்னார்.

பினு கேட்ட அளவு

பன்னிரண்டு அங்கிக்குக் கமிட்டிப் பையன்கள் வந்து அளவு கொடுத்தார்கள். நல்ல நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முகத்தை மூடிவிட்டால் நிறம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூடுவதற்கு முன் போட்டோ எடுப்பார்களாம்.

கழுத்தில் கயிற்றோடு நிற்கும் அடிமை வேஷத்துக்கு விவாதமே நடக்கவில்லை. லட்சம்வீடு காலனி பினுதான். அந்தக் கிளப்பில் சாதி கிடையாது, காலனிக்காரனும் ஒரே பந்தியில் சாப்பிடுவான். ஆனால் வருஷா வருஷம் பினு ஒரே மாதிரி வேஷம் கட்டினான். ஒரு ஓணத்துக்குக் காட்டுவாசி, ஒரு ஓணத்துக்குப் பஞ்சத்தில் அடிபட்டவன், போன ஓணத்துக்கு அரக்கன். "அவன்னா கரி மிச்சம்" என்று செக்ரட்டரி அவன் தோளில் கைபோட்டே சொல்வார்.

பினு செக்ரட்டரியின் கான்கிரீட் கோஷ்டியில் பதினொரு வருஷமாக வேலை செய்பவன். மணியண்ணன் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், மழையில் நனைந்தபடி கடைக்குள் வந்தான்.

"அண்ணே, ஒரு உடுப்பு கூட தைக்க ஒக்குமா?"

"ஆருக்கு?"

"எனக்கு."

"உனக்கு உடுப்பு இல்லியே மக்கா. உனக்குக் கயிறுதானே."

"அதச் சொல்லத்தான் வந்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்தான். "எனக்க மக அஞ்சு, ஜங்ஷன் ஸ்டுடியோவுல வேலைக்குச் சேந்திருக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. ஊர்வலத்த போனுல லைவா காட்டுத கான்ட்ராக்டு அவியளுக்குத்தான். கேமரா அவளுக்கு."

எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"நான் கழுத்துல கயிறோட வாறேன். அவ அத எடுத்து துபாய்க்கும் தோஹாவுக்கும் விடணும். எங்க அப்பான்னு அவளால சொல்ல ஒக்குமா? இதுக்கா அண்ணே அவளப் படிப்பிச்சேன்?"

"செக்ரட்டரிட்ட முடியாதுன்னு சொல்லேன்."

"சொன்னா அடுத்த நாள் எனக்கு எங்க வேலை?"

"காய்ச்சல்னு கெட."

"போன ஓணத்துக்கு வயித்துவலின்னு கெடந்தேன். ஆட்டோ கொண்டுவந்து தூக்கிட்டுப் போயி அரக்கனாக்கினாவ. வீட்டுல இருந்தா ஆட்டோ வரும். ரோட்டுல நிண்ணா பிடிச்சிட்டுப் போவாவ. எங்க நிண்ணா தேட மாட்டாவ? அந்த லாறிக்க மேல. மூடிட்டு."

"பின்ன அடிமைக்கு?"

"அந்த வெளுத்தவனுவள்ல ஒருத்தனுக்குக் கரி பூசட்டும். கரிக்கு என்ன பஞ்சம்? பஸ்ஸு கிட்டல்லன்னு நான் பிறகு சொல்லிக்கிடுவேன்."

எழுந்து நிற்கச் சொல்லி அளவெடுத்தேன். கான்கிரீட் சட்டி தூக்கித் தூக்கித் தோள் பலகைபோல் இருந்தது. வலது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. பலகை விழுந்து போனது என்றான். கை வெளியே தெரியக் கூடாது என்று கைப்பகுதியை விரல்நுனிவரை நீளமாக வைத்தேன். துணி மற்ற பன்னிரண்டில் வெட்டி மிஞ்சியது. முதுகில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. என் தையலில் அதுவரை ஒருவனும் ஒளிந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அசையக் கூடாது

ஊர்வலம் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து புறப்பட்டது. ஊசி டப்பாவோடு நான் போயிருந்தேன். கூம்பு மாட்டியதும் பையன்களுக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. அதில்தான் குஷி. "இது யாருலே?" "கண்டுபிடிலே!" என்று ஒருவன் பிட்டத்தில் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான். கழிப்பறைப் பக்கமிருந்து இன்னொரு கூம்பு வந்து சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதற்கும் ஒரு அடி விழுந்தது.

லாரியில் ஏறும் நேரம் செக்ரட்டரி கத்தினார். "பினு எவிடே?"

போன் அணைந்திருந்தது. ஆட்டோ போனது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பி வந்தது. கொல்லுகிறவர்கள் நிறைய இருந்தார்கள், சாகிறதற்கு ஆள் இல்லை. கமிட்டியில் ஒருவர், "ஒரு பையன இறக்கிக் கரி பூசுவோம்" என்று சொல்லி லாரியைப் பார்த்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். "ஒந்நு, ரெண்டு..."

எண்ணினால் பதின்மூன்று வரும். பினு மாட்டுவான். துணி யார் தைத்தது என்று கேட்டால் நானும் மாட்டுவேன். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

செக்ரட்டரி என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று வாரமாக அவரோடு பேசிக்கொண்டிருந்தவன் நான். என் நிறத்தை அன்றுதான் பார்த்திருப்பார்.

"எடோ அண்ணாச்சி, தான் லாறில கேறு. ஒண்ணும் செய்யண்டா. சும்மா நின்னா போதும். கரியும் வேண்டா."

சட்டையைக் கழற்றினார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கழுத்தில் கயிறு மாட்டினார்கள். கயிற்றின் மறுமுனையை யாரிடம் கொடுப்பது என்று செக்ரட்டரி கூம்புகளைப் பார்த்தார். தோள் அகலமாக இருந்த ஒன்றைத் தட்டினார். "நீயாக்கும் நல்ல ஆரோக்கியம். பிடி."

பினுவிடம் வந்தது கயிறு.

லாரி ஊர்ந்தது. ஒலிபெருக்கியில் சாரின் நாலு பக்கமும் திரும்பத் திரும்ப ஓடியது. மனிதர்கள் எல்லாரும் சமம் என்ற வரி வரும்போதெல்லாம் செண்டை அடிப்பார்கள். என் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்தது. அசையக் கூடாது. டீசல் புகை, பக்கத்து லாரியிலிருந்து பலாப்பழ வாசனை, முதுகில் வெயில். கயிறு தளர்வாகத்தான் இருந்தது. "அண்ணே, மன்னிக்கணும்" என்று கூம்புக்குள்ளிருந்து இரண்டு தடவை கேட்டது.

கூட்டம் கூடக்கூட அந்தக் குரல் நின்றுவிட்டது.

ஜங்ஷனில் ரோட்டோரம் மேஜைமேல் அஞ்சு கேமராவோடு நின்றாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். கழுத்தில் ஸ்டுடியோ அட்டை. கயிறு மாட்டியவன் தன் அப்பா இல்லை என்று பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அவள் எவ்வளவு பயந்து நின்றிருக்கிறாள் என்று அந்தத் தெளிவில் எனக்குத் தெரிந்தது. கேமரா எங்கள் பக்கம் திரும்பியது.

கைதட்டல் கிளம்பியது. யாரோ விசில் அடித்தார்கள். "இழுலே!" என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

பினு இழுத்தான்.

லேசாக அல்ல. கம்பியை வளைக்கிற இழுப்பு. பிடி கிடைக்க அவன் அங்கியின் கைப்பகுதியை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தான். நான் முட்டி மடங்கி விழுந்தேன். கூட்டம் ஆரவாரித்தது. எழுவதற்குள் இன்னொரு தடவை இழுத்தான்.

அஞ்சு கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். வெள்ளைத் துணியிலிருந்து வந்த கறுத்த கையை. நகம் இல்லாத விரலை. பிறகு உள்ளங்கையால் கேமராவின் கண்ணை மூடினாள். லாரி தாண்டும்வரை எடுக்கவில்லை. நெட் போய்விட்டது என்று முதலாளியிடம் சொன்னாளாம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பரிசு

எங்கள் லாரிக்குத்தான் முதல் பரிசு. அசைந்ததற்கு மார்க் குறைக்கவில்லை. தத்ரூபமாக இருந்தது என்று ஒலிபெருக்கியில் பாராட்டினார்கள்.

ஜங்ஷன் தாண்டும் வளைவில் குதித்துவிடுவது பினுவின் திட்டம். லாரி நிற்கவேயில்லை, நேரே மைதானத்துக்குப் போய்விட்டது. கோப்பையோடு போட்டோ எடுக்க எல்லாரும் கூம்பைக் கழற்றினார்கள். ஒன்று மட்டும் கழற்றவில்லை. "நாணமாயிருக்கு இவனுக்கு" என்று சிரித்துக்கொண்டே செக்ரட்டரி அதைப் பிடித்துத் தூக்கினார்.

உள்ளே பினு. செக்ரட்டரி கோபப்படவில்லை. காலண்டர் அட்டையைத் திருப்பி உள்ளே பார்த்தார். முதுகு ஒட்டைத் தடவிப் பார்த்தார். ஊர்வலம் பார்க்க வந்திருந்த மணியண்ணனைப் பார்த்தார்.

"பினுவே, நாளைக்கு நீ வரண்டாம். கேட்டியா?"

பிறகு கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள்.

மணியண்ணன் என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிப் போனார். "எனக்கு வருசத்துக்கு ஆறு ஆர்டரு இந்தக் கிளப்பாக்கும் தாறது. நீ கடைக்கு வராத மக்கா. துணிமணியப் பிறகு கொடுத்தனுப்புதேன்." கழுத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணெ தேய்" என்றார்.

செங்கல் திருப்பம்

குன்னத்துகாலுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்து வந்ததால் செங்கல் என்ற ஊருக்குப் போகும் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு சாயாக்கடை. வெளியே பெஞ்சில் பினுவும் அஞ்சுவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. நான் அதில் உட்கார்ந்தேன்.

"நோவுதா அண்ணே?" என்றான் பினு.

"நீ இழுத்தே."

"இழுத்தேன்." மறுக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டான். "என்னப் பாத்து அந்த ரோட்டுல ஒருத்தனும் இதுவரைக்கும் கைதட்டினதில்ல. கை அதுக்க போக்குல போச்சு."

சாயா வந்தது. சூடு தொண்டையில் இறங்கும்போது வெளியே தோலும் எரிந்தது.

"இவ ஒண்ணும் பேச மாட்டேங்கா" என்றான். "நான் இவளுக்கு வேண்டித்தானே மூடிட்டு நிண்ணேன்."

அஞ்சு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, கயிறு அப்பாவுக்க கழுத்துல கெடந்திருந்தா நான் எடுத்திருப்பேன். கிட்டத்துல காட்டியிருப்பேன். எங்க அப்பான்னு அதுக்க கீழ எழுதியே போட்டிருப்பேன்."

"பின்ன நீ பயந்து நிண்ணியே மக்களே?" என்று கேட்டேன்.

"இந்த வருசமும் இவர ஏத்திட்டாவளேன்னு பயந்தேன். அழுதுருவேனோன்னு பயந்தேன். நாணக்கேடுன்னு யாரு சொன்னா?" இப்போது அப்பாவைப் பார்த்தாள். "கையப் பாத்ததும் முதல்ல சிரிப்பாக்கும் வந்தது. ஒளிஞ்சு நிக்காரேன்னு. பின்ன நீங்க இழுத்திய."

"ஆளுங்க கைதட்டினாவ மோளே."

"ஆமா" என்றாள். "அதத்தான் மூடினேன்."

மூவரும் சாயாவை முடித்தோம். அவள் எழுந்து போய்க் கிளாசுகளைக் கடைக்குள் வைத்தாள். பினு தலையைக் குனிந்து மெதுவாகப் பேசினான்.

"செக்ரட்டரிக்கு ரெண்டு நாளுல ஆறும் அண்ணே. நாளைக்கு இங்க செங்கல்லுல ஒரு வீட்டுக்கு மேல்தட்டு கான்கிரீட்டு உண்டு. தள்ளி வைக்க ஒக்காது, ஜல்லியும் சிமென்டும் எறக்கியாச்சு. ஓணத்துக்கு எல்லாவனும் லீவு. ஒரு ஆளுக்கு எங்க போவாரு? எனக்க இடத்துக்கு வேற ஆள் கிட்டாட்டா என்னத்தான் விளிக்கணும். விடியக்காலமே மேஸ்திரிக்குப் போன் போடப் போறேன். இது போச்சுன்னா அவளுக்க சம்பளம் மட்டும்தான் வீட்டுக்கு."

"விளிப்பாவ" என்றேன்.

வீட்டுக்கு வந்து படுக்கச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவர்களுக்குள் பேச வேண்டியது இருந்தது. அவர்கள் போன பிறகு, பக்கத்திலிருந்த பஸ் நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் படுத்தேன். மடியில் இருந்த சில்லறை சாயாவோடு தீர்ந்துவிட்டது. ஊர்வலத்தில் நின்றவர்களுக்குச் சாப்பாடு உண்டு என்றார்கள், வேலை போன அவசரத்தில் அதையும் விட்டுவிட்டேன். நடுவில் எழுந்து குழாயில் தண்ணீர் குடித்தேன்.

காலையில் ஒரு சிறிய சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் ஏழெட்டு பேர், தட்டுமுட்டுச் சாமான், கான்கிரீட் சட்டிகள். முன்னால் இருந்த மேஸ்திரி தலையை நீட்டினார்.

"நேத்து லாறில நிண்ண ஆளல்லே? செக்ரட்டரி உங்களப் பத்திச் சொன்னாரு. சொன்ன உடனே கேறி நிண்ணேராம், நல்ல மனுசன்னாரு. இண்ணைக்கு ஒரு ஆள் குறைவு உண்டு. வாறேரா? காலத்த ஆகாரம் அங்க உண்டு."

யார் குறைவு என்று நான் கேட்கவில்லை. வண்டியின் பின்பலகையைப் பிடித்து ஏறினேன்.

இட்டலியும் பயறும் கொடுத்தார்கள். ஏழு தின்றேன். மேஸ்திரி ஒரு பழைய ரப்பர் செருப்பும் தலைக்குச் சும்மாட்டுத் துணியும் தந்தார். கலவை மெஷின் ஓட ஆரம்பித்தது. கீழிருந்து மேல்வரை சாரப் பலகைகளில் ஆட்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சட்டி போக வேண்டும். மூன்றாவது பலகை காலியாக இருந்தது. என்னை அங்கே நிற்கச் சொன்னார்கள்.

"அது பினுவுக்க இடமல்லவா?" என்றான் மேலே நின்றவன். "அவன் வரல்லியா?"

மேஸ்திரியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "அவன்தான் விளிக்கான்" என்று சொல்லி, அடிக்க அடிக்க அதைச் சட்டைப் பையில் போட்டார். "ஆள் வந்தாச்சு. நோக்கி நிக்காம வேலையப் பாரும்."

கீழே இருந்தவன் முதல் சட்டியை நீட்டினான். வாங்கி மேலே கொடுத்தேன்.